லாரி நின்றால் தில்லி கேட்கும்

எந்தக் கட்சி ஆண்டாலும் லாரி உரிமையாளர்களுக்கு மத்திய அரசில் ஒரு நாற்காலி தயாராக இருக்கும். அந்த நாற்காலியை வாங்கிக் கொடுக்கும் ஓட்டுநர் மட்டும் வாசலுக்கு வெளியே.

2024 ஜனவரி 2. புத்தாண்டுக் களைப்பே இன்னும் தீராத நேரம். ஹைதராபாத்தில் பெட்ரோல் பங்க்குகளின் முன் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. வீடுவீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோய்த் தரும் ஓர் இளைஞர் பைக்கை ஓரம்கட்டிவிட்டுக் குதிரையில் ஏறிக் கிளம்பினார். சண்டிகரில் நிர்வாகம் ரேஷனே போட்டுவிட்டது: இரு சக்கர வாகனத்துக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர். எண்ணெய்க் கிடங்குகளில் சரக்கு இருந்தது. அதை ஏற்றிவரும் டேங்கர் லாரிகளை ஓட்டத்தான் ஆள் இல்லை.

அன்று இரவே மத்திய உள்துறைச் செயலாளர் அஜய் பல்லா பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தவர்கள் அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸின் நிர்வாகிகள். அதாவது லாரி உரிமையாளர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் போராட்டத்துக்கு அவர்கள் அழைப்பு விடுக்கவே இல்லை. வண்டிகளை நிறுத்தியவர்கள் ஓட்டுநர்கள். பல இடங்களில் எந்தத் தலைவரும் சொல்லாமல், வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்து, சாலையிலேயே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள்.

கோபத்துக்குக் காரணம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 106ஆவது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு, கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் தப்பி ஓடுபவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டுதான். அபராதம் 7 லட்சம் ரூபாய் என்றும் வதந்தி பறந்தது. சட்டத்தில் அப்படி ஒரு தொகை கிடையாது. ஆனால் மாதம் முழுக்க வண்டியிலேயே தூங்கி எழுகிறவர் அரசிதழைத் தேடிப் படித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: விபத்து நடந்த இடத்தில் நின்றால் ஊர் கூடி அடிக்கும், ஓடினால் பத்து வருஷம்.

மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூரில் அன்று நடந்தது நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. போராடிய ஓட்டுநர்களைக் கூட்டி வைத்துப் பேசிய மாவட்ட ஆட்சியர், எதிர்த்துப் பேசிய ஒருவரைப் பார்த்து, 'உன் தகுதி என்ன?' என்று சீறினார். எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதற்காகத்தானே இந்தச் சண்டை என்று அவர் பதில் சொன்னார். மறுநாளே முதல்வர் மோகன் யாதவ் ஆட்சியரை அந்தப் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று நாள் போராட்டத்தில் அந்த ஓட்டுநர் சொன்ன ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவான அறிக்கை வேறு எந்தத் தரப்பிலிருந்தும் வரவில்லை.

தில்லிக் கூட்டத்திலோ பேச்சு வேறு தொனியில் போனது. புதிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, அந்த உட்பிரிவை அமல்படுத்தும் முன் மோட்டார் காங்கிரஸைக் கலந்து பேசுவோம் என்றார் உள்துறைச் செயலாளர். வண்டிகள் கிளம்பின. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு சட்டப் பிரிவை, ஒரு வர்த்தகச் சங்கத்தைக் கேட்டுத்தான் அமல்படுத்துவோம் என்று மத்திய அரசு வாக்குக் கொடுத்தது சாதாரண விஷயம் அல்ல. இந்தியாவின் பெரிய தொழிலதிபர்களுக்குக்கூட இரண்டே நாளில் இப்படி ஒரு வாக்குறுதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

யார் இவர்கள்? மோட்டார் காங்கிரஸ் பிறந்தது 1936இல். லாரியும் ரயிலும் முதன்முதலாக மோதிக்கொண்ட காலம் அது. ரயில்வேயில் பெரும் பணம் போட்டிருந்த ஆங்கில அரசு, சாலையில் சரக்கும் பயணிகளும் நழுவிப் போவதைக் கவலையோடு பார்த்தது. 1930களின் தொடக்கத்தில் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளை வைத்து விசாரித்தது. விளைவு, 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பர்மிட் இல்லாமல் வண்டி ஓடக்கூடாது, எந்தப் பாதையில் ஓடலாம் என்பதை அதிகாரி முடிவு செய்வார் என்ற ஏற்பாடு அதில் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கட்டு தளரவில்லை. பின்னாளில் சுதந்திராக் கட்சியின் முன்னணித் தலைவரான மினு மசானியின் தலைமையிலான குழு 1959இல் கட்டுப்பாடுகளைக் குறைக்கச் சொன்னது. 1975இல் நேஷனல் பர்மிட் வந்தது. 1988இல் வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகு, கேட்டவருக்குப் பர்மிட் என்ற நிலை ஏறக்குறைய வந்துவிட்டது.

இந்த அரை நூற்றாண்டில் ரயில் தோற்றது. 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் தண்டவாளத்தில்தான் போனது. 2020இல் ரயில்வே வெளியிட்ட தேசிய ரயில் திட்டத்தின் வரைவு, அந்தப் பங்கு 27 சதவீதம் என்று ஒப்புக்கொண்டு, 2030க்குள் அதை 45 ஆக்குவது இலக்கு என்றது. இதற்கெல்லாம் லாரிக்காரர்களின் செல்வாக்கே காரணம் என்று சொல்வது சரியல்ல. பயணிகள் கட்டணத்தை உயர்த்தப் பயந்து, அந்தச் சுமையைச் சரக்குக் கட்டணத்தில் ஏற்றியது ரயில்வே அமைச்சகம்தான். நிலக்கரியும் இரும்புத் தாதும் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்துவிட்டதும் அதுதான். நாமக்கல்லில் முட்டையையோ லூதியானாவில் கம்பளி மூட்டையையோ கடை வாசலில் ஏற்றி, கடை வாசலில் இறக்க ஒரு லாரியால் முடியும். சரக்கு ரயிலால் முடியாது.

மோட்டார் காங்கிரஸ் தனக்குக் கீழ் 90 லட்சத்துக்கு மேற்பட்ட லாரிக்காரர்கள் இருப்பதாகச் சொல்லிவந்திருக்கிறது. நீதி ஆயோக் 2022இல் சொன்ன கணக்குப்படி நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரிகளே சுமார் 40 லட்சம்தான். ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் சேர்த்தால்தான் சங்கத்தின் கணக்கு ஒத்துவரும் போலிருக்கிறது. மேஜையில் சேர்க்காதவர்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதில் சங்கத்துக்குத் தயக்கம் இல்லை.

உரிமையாளர்களும் ஒரே ஜாதி அல்ல. பெரும்பாலானவர்கள் ஐந்துக்கும் குறைவான வண்டி வைத்திருப்பவர்கள். மாதத் தவணை கட்டவே திணறுகிறவர்கள். இவர்களுக்கு லோடு பிடித்துத் தருவது புக்கிங் ஆபீஸ்காரர்கள். பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தனிச் சங்கம். சரக்கு வாகன உரிமையாளர்களின் இன்னொரு கூட்டமைப்பு, 2018 ஜூலையில் மோட்டார் காங்கிரஸ் வேலைநிறுத்தம் செய்யத் தேதி குறித்திருந்தபோது, ஒரு மாதம் முந்திக்கொண்டு ஜூன் 18இலேயே தனியாக வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. யார் முதலில் அமைச்சரைப் பார்ப்பது என்பதில் போட்டி.

அரசியல் தொடர்பு என்றதும் எம்.பி.க்களைத் தேடுவது இயல்பு. இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 1976இல் ஒரே ஒரு லாரியுடன் தொழில் தொடங்கி, வி.ஆர்.எல். என்ற பெரும் நிறுவனத்தை வளர்த்த விஜய் சங்கேஷ்வர், தார்வாட் வடக்குத் தொகுதியில் 1996, 1998, 1999 என மூன்று முறை பா.ஜ.க. சார்பில் ஜெயித்தார். விஜயவாடாவில் பஸ் தொழிலதிபர் கேசினேனி ஸ்ரீநிவாஸ் 2014இலும் 2019இலும் தெலுங்கு தேசத்தின் எம்.பி. ஆனால் லாரிக்காரர்களின் பலம் இதில் இல்லை. மோட்டார் காங்கிரஸுக்குக் கட்சி கிடையாது. 2020 டிசம்பரில், விவசாயச் சட்டங்களை எதிர்த்து தில்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளுக்கு ஆதரவு தெரிவித்து, 8ஆம் தேதி முதல் வட இந்தியாவில் வண்டிகளை நிறுத்துவோம் என்று மிரட்டவும் அது தயங்கவில்லை. தலைநகருக்குப் பாலும் காய்கறியும் வரும் வழியை இரண்டு நாள் அடைக்கக்கூடியவர்களுக்கு எம்.பி. சீட்டு அவ்வளவு அவசியம் இல்லை.

இந்தப் பலம் எப்படிச் செயல்படுகிறது என்பதற்குச் சேவை வரியின் கதையே போதும். 1997இல் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சரக்குப் போக்குவரத்தையும் சேவை வரிக்குள் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான லாரிக்காரர்களைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று, சரக்கு அனுப்புபவரே வரியைக் கட்டட்டும் என்று விதி வகுக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்து வந்த வாஜ்பாய் அரசின் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா, 1998 ஜூனில் அந்த வரியையே கைவிட்டார். சேவை தருபவர் கட்ட வேண்டிய வரியைச் சேவை பெறுபவர் தலையில் கட்டிய விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று 1999இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2000இல் நாடாளுமன்றம் முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தி அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டது.

2004இல் சிதம்பரம் மறுபடியும் நிதியமைச்சர். மறுபடியும் வரி. அந்த ஆகஸ்டில் ஏறத்தாழ ஒரு வாரம் லாரிகள் நின்றன. சமரசம் ஏற்பட்டது. 2005 ஜனவரி 1 முதல் வரி அமலுக்கு வந்தது. ஆனால் கம்பெனி, தொழிற்சாலை போன்ற வாடிக்கையாளர்களே அதைக் கட்ட வேண்டும். அதுவும் கட்டணத்தில் 25 சதவீதத் தொகைக்கு மட்டும். எல்.ஆர். போடாத தனி லாரிக்காரரை அந்த வரி தொடவே இல்லை. எந்த ஏற்பாட்டை முதலில் எதிர்த்தார்களோ, அதுவே ஏழாண்டுகள் கழித்து அவர்களுக்குச் சாதகமான சமரசம் ஆயிற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்த ஏற்பாடு 5 சதவீத வரியாக அப்படியே தொடர்ந்தது. காங்கிரஸ் கூட்டணி ஏற்படுத்திக் கொடுத்ததை பா.ஜ.க. அரசு கலைக்கவில்லை. வருமான வரியிலும் இதே கதைதான். கணக்குப் புத்தகம் வேண்டாம், வண்டிக்கு இவ்வளவு என்று வருமானத்தை ஊகித்து வரி கட்டலாம் என்ற சலுகை மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்த 1994இல் வந்தது. பத்து வண்டி வரை வைத்திருப்பவர்களுக்கு அது தொடர்ந்தது.

கூடுதல் சுமை விவகாரம் இன்னும் சுவையானது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் குற்றம் என்கிறது சட்டம். சில மாநிலங்களோ அதற்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு 'கோல்டு கார்டு' கொடுத்தன. அட்டையைக் காட்டினால் வண்டி அப்படியே போகலாம். குற்றத்துக்கு அரசே சீசன் டிக்கெட் விற்ற கதை. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. 2018 ஜூலையில் மத்திய அரசு நேர்வழியில் வந்தது: அனுமதிக்கப்பட்ட எடையையே உயர்த்திவிட்டது. இரண்டு அச்சு லாரி 16.2 டன்னுக்குப் பதில் 18.5 டன், பெரிய டிரெய்லர் 49 டன்னுக்குப் பதில் 55 டன் என்று போகலாம். ஏற்கெனவே ஓடும் லாரிகளுக்கும் இது பின்னர் நீட்டிக்கப்பட்டது. சிமெண்ட், இரும்பு ஆலைகளுக்குக் கொண்டாட்டம். சின்ன உரிமையாளருக்குத்தான் அடி. ஒரே இரவில் நாட்டு லாரிகளின் கொள்ளளவு கூடிவிட்டதால் லோடு குறைந்தது, வாடகை இறங்கியது. அடுத்த ஆண்டு லாரி விற்பனை படுத்ததற்கும் இது ஒரு காரணம்.

அதே மாதம் 20ஆம் தேதி மோட்டார் காங்கிரஸ் தொடங்கிய வேலைநிறுத்தம் எட்டு நாள் நீடித்தது. டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவா, சுங்கச்சாவடிகளை எடு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் குறை என்பவை முக்கியக் கோரிக்கைகள். அப்போது நிதித் துறையைக் கூடுதலாகக் கவனித்த பியூஷ் கோயலும் நெடுஞ்சாலை அமைச்சர் நிதின் கட்கரியும் பேசி, ஒரு குழு அமைப்பதாகச் சொல்ல, வண்டிகள் கிளம்பின. டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மாநிலங்களின் வருமானத்தில் கை வைக்கும் கோரிக்கையை தில்லியால் கொடுக்க முடியாது. சங்கத்தின் செல்வாக்குக்கும் எல்லை இருக்கிறது: வருவதைத் தடுப்பதில் இருக்கிற சாமர்த்தியம், வேண்டியதைப் பெறுவதில் இல்லை.

மாநிலங்களில் இதன் முகம் வேறு. பஞ்சாபில் லாரி யூனியன்கள் மண்டிகளில் தானியம் ஏற்றும் வாடகையை நிர்ணயித்துவந்தன. ஆட்சி மாறினால் யூனியன் தலைவரும் மாறுவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த குற்றச்சாட்டு. 2017இல் அமரிந்தர் சிங் அரசு அவற்றைக் கலைத்து விதிகள் கொண்டுவந்தது.

இமாசலத்தில் நிலைமை நேர்மாறு. பிலாஸ்பூர் மாவட்டம் பர்மாணாவிலும் சோலன் மாவட்டம் தார்லாகாட்டிலும் உள்ள சிமெண்ட் ஆலைகள், 2022இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தன. அந்த மலைப்பாதைகளில் சிமெண்ட் ஏற்றுவது உள்ளூர் லாரிச் சங்கங்களின் உரிமை. ஆலைக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு லாரி வாங்கிய குடும்பங்கள் அவற்றில் ஏராளம். வாடகை அதிகம் என்று சொல்லி நிறுவனம் டிசம்பர் நடுவில் இரண்டு ஆலைகளையும் மூடியது. சுக்விந்தர் சிங் சுக்கு முதல்வராகப் பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுமார் 7,000 லாரிகள் நின்றன. டயர் கடை, மெக்கானிக் ஷெட், தாபா எல்லாம் சேர்ந்து படுத்தன. 67 நாள் கழித்து, 2023 பிப்ரவரி 20இல் அரசு நடுவில் நின்று முடித்து வைத்தது: டன்னுக்குக் கிலோமீட்டருக்கு சாதாரண லாரி என்றால் 10 ரூபாய் 30 பைசா, பல அச்சு லாரி என்றால் 9 ரூபாய் 30 பைசா. பர்மாணாவில் முன்பு 11 ரூபாய் 41 பைசா வாங்கியவர்கள். நிறுவனம் 6 ரூபாய் அளவுக்கு இறக்கப் பார்த்தது. இங்கே வண்டியை நிறுத்தியது லாரிக்காரர் அல்ல, முதலாளி. சரக்கே இல்லை என்று சொல்லிவிட்டால் லாரிக்காரரின் பெரிய ஆயுதம் துருப்பிடித்துப் போகும் என்பதை தில்லித் தலைவர்களும் கவனித்திருப்பார்கள்.

இத்தனை பேரங்களிலும் ஓட்டுநர் எங்கே? 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று எழுதிவைத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு மட்டும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை செய்யும் பெருங்கூட்டத்தை அந்தச் சட்டம் அறுபது ஆண்டுகளாகக் கண்டுகொள்ளவே இல்லை. சேவ்லைஃப் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வில், தன் குடும்பத்தில் ஒருவரை இந்தத் தொழிலுக்கு அனுப்ப மாட்டேன் என்று 84 சதவீத ஓட்டுநர்கள் சொன்னார்கள். வழிநெடுகக் கைமாறும் மாமூல் ஆண்டுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய் என்றும் அதில் மதிப்பிடப்பட்டது. மாமூல் பணம் உரிமையாளரின் கணக்கில் போகலாம், அதைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவது ஓட்டுநரின் கைதான்.

லாரி கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி நெடுநாள் பேச்சாகவே இருந்தது. செலவு கூடும் என்று சிலர் எதிர்த்ததாக 2023இல் கட்கரியே மேடையில் சொன்னார். 2025இல் தயாராகும் புதிய லாரிகளில்தான் அது கட்டாயமாயிற்று. மே மாதத்தில் ராஜஸ்தான் வழியாக இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவருக்கு ஏ.சி. ஆடம்பரம் அல்ல. 2018 வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஏ.சி. இல்லை, வேலை நேரமும் இல்லை.

2024 ஜனவரி புரட்டிப் போட்டது இந்தக் கணக்கைத்தான். அதுவரை உரிமையாளர் சொன்னால் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். இம்முறை ஓட்டுநர் நிறுத்தினார், உரிமையாளர் போய்ப் பேசினார். ஓட்டுநர்களுக்கென்று நாடு தழுவிய சங்கம் எதுவும் உள்துறை அமைச்சகத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தவர்களோடு பேசுவதே அதிகாரிகளுக்கு வசதி. உட்பிரிவு நின்றது. ஓட்டுநர்கள் கேட்டது அதுதான், கிடைத்தது. அடிபடாமல் போலீசில் தகவல் சொல்ல ஓர் ஏற்பாடு, விபத்துக்குப் பின் ஓட்டுநருக்குப் பாதுகாப்பு என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டியவை கூட்ட அறையிலிருந்து வெளியே வரவில்லை.

2024 பிப்ரவரியில் வந்த அரசிதழ் அறிவிப்பு, புதிய சட்டம் ஜூலை 1 முதல் அமலாகும், 106ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு நீங்கலாக என்றது. முதல் உட்பிரிவு அமலானது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இப்போது 5 ஆண்டு வரை சிறை. நின்று தகவல் சொன்னவருக்கும் அதே 5 ஆண்டு, ஓடியவருக்கும் அதே 5 ஆண்டு.

அரசின் கணக்குப்படி 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 30,000க்கும் மேற்பட்டோர் மோதிய வண்டி நிற்காமல் போன விபத்துகளில் இறந்தவர்கள். மோதியதெல்லாம் லாரி அல்ல, காரும் வேனும் உண்டு. அவ்வகையில் ஓட்டுநர்கள் எங்களை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்று கேட்டதில் நியாயம் உண்டு. வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் இறந்தவரின் குடும்பம் இன்சூரன்ஸ் கேட்டு வழக்குப் போட முடியாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்று ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது. அதில் ஓர் உயிருக்கு நெடுங்காலமாக 25,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அது 2 லட்சம் ஆயிற்று. இந்தக் குடும்பங்களுக்குச் சங்கம் இல்லை. ஜனவரி 2ஆம் தேதி இரவு அவர்கள் சார்பில் பேச யாரையும் அழைத்ததாகத் தகவல் இல்லை.